பூட்டிய கதவும் மடித்த சீட்டும்

(மரக்காணத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உப்பு வாணிபத்தில் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, ஆண்டுக்கொரு முறை இந்தக் கடற்கரையூருக்கு யாரேனும் ஒருவரை வரவழைத்து, அவர் கற்றவற்றுள் அவர் மனத்துக்கு உகந்த ஒன்றைப் பற்றி ஒரு மாலைப்பொழுது பேசச் செய்து கேட்பது என்று தீர்மானித்த பெரியவர், பொருள் இன்னதாகத்தான் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை எதையும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தை நான் சற்றே துஷ்பிரயோகம் செய்யப்போகிறேன். 2025ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி, ரோமாபுரியில் ஒரு புகைபோக்கியிலிருந்து வெண்புகை எழுந்ததை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 133 கர்தினால்மார்கள் ஒரு சிற்றாலயத்துக்குள் அடைபட்டு இருந்து, பதினான்காம் லியோ என்ற பெயர் பூண்ட பாப்பரசரைத் தேர்ந்தெடுத்த அந்த முறை எங்கிருந்து வந்தது, மறுமலர்ச்சிக் காலம் என்று சரித்திர ஆசிரியர்கள் வழங்கும் பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளில் அது என்ன பாடுபட்டது என்பதே என் பேச்சின் விஷயம்.

உப்பளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல்நீரை வரப்புக் கட்டிப் பாத்தியில் அடைத்து, வெயிலில் விட்டுக் காத்திருந்தால், நீர் மேலே போய்விட உப்புப் பூக்கிறது. இது உங்கள் கைகண்ட வித்தை. ஏறக்குறைய இதே நம்பிக்கையோடுதான் கத்தோலிக்கத் திருச்சபையும் தன் தலைவரைத் தெரிந்தெடுக்கும் முதியவர்களை ஓர் அறைக்குள் அடைத்தது: உலகத்தின் ஆசையும் அச்சமும் ஆவியாகிப் போனபின் எஞ்சுவது இறைவனின் சித்தமாக இருக்கும் என்பது எண்ணம். ஆனால், வரப்பு எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஒரு நண்டு வளை போதும், பாத்தி நீர் முழுவதும் வடிந்துபோவதற்கு என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

கான்கிளேவ் என்ற சொல்லுக்கு லத்தீன் பாஷையில் சாவியுடன் கூடியது, அதாவது பூட்டத்தக்க அறை என்று பொருள். அந்தச் சாவியைப் போட்டவர்கள் குருமார்கள் அல்லர். பொறுமை இழந்த ஊர்மக்கள். 1268 நவம்பரில் நான்காம் கிளெமெண்ட் விதெர்போ என்ற ஊரில் காலமானபின், அங்கே கூடிய கர்தினால்மார்கள் பிரெஞ்சுக் கட்சி, இத்தாலியக் கட்சி என்று பிரிந்து நின்று, மாதக்கணக்காக ஒரு முடிவுக்கும் வராமல் இருக்கவே, ஊரார் அவர்களை மாளிகைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள், உணவைக் குறைத்தார்கள், அதற்கும் மசியாதபோது கூரையையே பிரித்துவிட்டார்கள். கூரையை எடுத்தால்தான் பரிசுத்த ஆவி உள்ளே இறங்கமுடியும் என்று உள்ளிருந்த ஆங்கிலேயக் கர்தினால் ஒருவரே பரிகாசம் செய்ததாக ஒரு கதையுண்டு. கதையாகத் தள்ளிவிடலாம் என்றால், 1270 ஜூன் மாதத்தில் அவர்கள் எழுதிய கடிதம் ஒன்றில், கூரை நீக்கப்பட்ட மாளிகையிலிருந்து என்றே இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு 1271 செப்டம்பர் முதல் தேதிதான் முடிவு பிறந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர் கர்தினால்கூட அல்லர். புண்ணிய பூமியில் அக்ரே நகரத்தில் இருந்தவர். பத்தாம் கிரகோரி என்ற பெயரோடு வந்தவர், தமக்கு முன் இரண்டே முக்கால் ஆண்டுகள் அந்த ஆசனம் காலியாகக் கிடந்ததை மறக்கவில்லை. 1274இல் லியோன் நகரத்துச் சங்கத்தில் அவர் இயற்றிய சட்டம், பாப்பரசர் இறந்த பத்தாம் நாள் எல்லாரும் ஓர் அறைக்குள் பூட்டப்படவேண்டும், மூன்று நாள் கழிந்தால் வேளைக்கு ஒரே பதார்த்தம், அதன்பின் ஐந்து நாள் போனால் ரொட்டியும் தண்ணீரும் திராட்சரசமும் மட்டுமே என்று விதித்தது. ஆன்ம காரியத்துக்கு வயிற்றின் வழியே மார்க்கம் கண்ட அந்தச் சட்டத்தின் உலக ஞானத்தை நான் மெச்சுகிறேன்.

இங்கே சற்று நின்று, நம் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், சபைக்கு வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுக்கும் விதி கல்லில் வெட்டப்பட்டது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, முதிய நம்பி ஒருவர் அந்தக் குடத்தை எல்லாரும் காணத் தூக்கி நிற்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலனைக் கொண்டு ஓலை எடுப்பித்து, அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்க வாசிக்கவேண்டும் என்பது இந்தக் குடவோலை முறை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவின்முறையாரும் ஆகாது. இப்படி அந்தக் கல்வெட்டு நீளுகிறது. அதே காலத்து ரோமாபுரியில் பாப்பரசரை ஆக்குவதும் நீக்குவதும் ஒரு பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்தது. அப்போது ஆசனத்தில் இருந்த பத்தாம் யோவான், 928இல் அந்தக் குடும்பத்துப் பெண்மணி ஒருத்தியாலேயே இறக்கப்பட்டுச் சிறையில் மடிந்தார். தேர்தல் உரிமை கர்தினால்மார்களுக்கே என்ற சட்டம் 1059இலும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற சட்டம் 1179இலும்தான் வந்தன.

நாம் முந்தி, அவர்கள் பிந்தி என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மார்தட்டும் அன்பர்கள், அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் விழமுடியும் என்பதையும் வாசித்துவிட்டுத் தட்டுவது நல்லது. வேதம் ஓதிய நிலவுடைமையாளரின் சபை அது, உப்பு விற்கும் உமணன் பெயருக்கு அங்கே ஓலை இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. உத்திரமேரூரில் எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது: குடம் தூக்கிக் காட்டப்பட்டது, கை விரிக்கப்பட்டது, பெயர் எல்லார் காதிலும் விழ வாசிக்கப்பட்டது. ரோமாபுரியிலோ எல்லாம் பூட்டுக்குள் நடந்தது. உத்திரமேரூரில் தேர்ந்தெடுத்தது குடம். ரோமாபுரியில் தேர்ந்தெடுத்தவன் மனிதன். குடத்தை யாரும் பயமுறுத்த முடியாது. ஆதலால் அதற்கு வெளிச்சமே காவல். மனிதனைப் பயமுறுத்தலாம், ஆசை காட்டலாம், நன்றி உணர்ச்சியைத் தூண்டி வளைக்கலாம். அவனுக்குக் காவல் எது? வெளியுலகத்தின் கண்ணை மறைக்கும் கதவா, அறைக்குள்ளேயே எதிரில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணை மறைக்கும் ஏதோ ஒன்றா? இந்த வினாவுக்கு விடை காண அந்தத் திருச்சபைக்கு 1274இலிருந்து முந்நூற்று நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

அந்த இடைக்காலத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதைக் கேள்விப்பட்டவன் வாயால் அன்றி, உள்ளே இருந்து வென்றவன் கையாலேயே எழுதிவைத்த சாட்சியம் ஒன்று நமக்கு இருக்கிறது. 1458 ஆகஸ்டில் மூன்றாம் கலிஸ்துஸ் காலமானபின் பதினெட்டுக் கர்தினால்மார்கள் வாத்திக்கான் மாளிகையில் அடைபட்டார்கள். வெல்வதற்குப் பன்னிரண்டு வாக்குகள் வேண்டும். சியெனா நகரத்து ஏனேயா சில்வியோ பிக்கொலோமினி காதற்கதை எழுதிப் புகழ் பெற்றவர், கவிஞர், வாதநோயால் கால் வீங்கியவர், கையில் காசில்லாதவர். அவருக்கு எதிரே நின்றவர் பிரெஞ்சு ராஜகுடும்பத்துக்கு உறவினரும் பெருஞ்செல்வருமான ரூவாங் நகரத்துக் கர்தினால் தெஸ்தூத்வில். இவருடைய கட்சியார் இரவிலே மாளிகையின் கழிப்பறையில் கூடி, யாருக்கு எந்தப் பதவி என்று பங்கு போட்டு, வாக்குறுதிகளை வாங்கிக்கொண்டார்கள் என்று பிக்கொலோமினி எழுதுகிறார். நள்ளிரவில் நண்பர் ஒருவர் அவரை எழுப்பி, காரியம் முடிந்துவிட்டது, காலையில் முந்திப் போய் உமது வாக்கையும் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும் என்றார். பிக்கொலோமினி மறுத்தார். விடிந்ததும் ரொட்ரீகோ போர்ஜா என்ற இருபத்தேழு வயது இளம் கர்தினாலிடம் போய், உமது உத்தியோகம் உமக்கே நிலைக்கும் என்று எதிர்க்கட்சியார் எழுதிக் கொடுத்த சீட்டை நம்புகிறீரோ என்று கடிந்துகொண்டார்.

பிறகு வாக்கெடுப்பு. பீடத்தின்மேல் ஒரு பூசைப் பாத்திரம். ஒவ்வொருவராக எழுந்து போய், தம் பெயரும் தாம் தெரிந்தெடுத்தவர் பெயரும் எழுதிய சீட்டை அதிலே இடவேண்டும். எண்ணியவர்களுள் ரூவாங் கர்தினாலும் ஒருவர். சியெனாக்காரருக்கு எட்டு வாக்கு என்று அவர் வாசித்தபோது, பிக்கொலோமினி உட்கார்ந்த இடத்திலிருந்தே, மறுபடி பாருங்கள் என்றார். பார்த்தபோது ஒன்பது இருந்தது. ரூவாங் கர்தினாலுக்கு ஆறு. ஒன்பதும் போதாது. ஆகவே, முதலில் இட்ட வாக்கை விட்டு வேறொருவரோடு சேர்ந்துகொள்ளும் முறை தொடங்கிற்று. இதில் சீட்டுக் கிடையாது; எழுந்து நின்று வாயால் சொல்லவேண்டும். நெடுநேரம் ஒருவரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தாம் முந்தினால் நன்றி கிடைக்குமா, பிந்தினால் பகை மூளுமா என்று கணக்கிட்டபடி பதினெட்டுப் பேரும் மௌனமாக இருந்த அந்தக் காட்சியை அவர் வருணித்திருப்பதற்கு நிகரான ஒன்றைச் சரித்திர நூல்களில் நான் அதிகம் படித்ததில்லை. முதலில் போர்ஜா எழுந்து சியெனாக்காரரோடு சேர்ந்தார். உடனே இருவர், சபையைக் கலைக்கும் நோக்கத்தோடு, இயற்கை அழைப்பைக் காரணம் காட்டி வெளியேறினார்கள். பின்னால் யாரும் வராததால் திரும்பி வந்தார்கள். இன்னொருவர் எழுந்தார், பதினொன்று ஆயிற்று. கடைசியாகப் பிரோஸ்பெரோ கொலோன்னா எழ முயன்றபோது, ரூவாங் கர்தினாலும், கான்ஸ்டாண்டினோபிளின் ஞானமரபைச் சுமந்து வந்த மகாபண்டிதரான பெஸ்ஸாரியோனும் ஆளுக்கொரு பக்கம் அவரைப் பிடித்து வெளியே இழுக்கலானார்கள். இழுபட்டுக்கொண்டே அவர், நானும் சியெனாக்காரரோடு சேர்கிறேன் என்று கூவினார். இப்படியாகப் பிக்கொலோமினி இரண்டாம் பியூஸ் ஆனார்.

அவர் எழுதிவைத்த இந்தச் சாட்சியம் 1584இல் நூலாக அச்சேறியபோது பல பகுதிகள் நீக்கப்பட்டே வெளிவந்தது, வியப்பில்லை. எனக்கு வியப்பாக இருப்பது, இத்தனை சூழ்ச்சியிலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவில்லை என்பதே. கதவு பூட்டியபடியே இருந்தது. பன்னிரண்டாவது வாக்கை இழுத்துப் பிடித்த கைகள் உள்ளே இருந்தவர்களின் கைகள்.

அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளைக் குறித்து விரிவாகப் பேசினால் பொழுது போதாது. அன்று முதலில் எழுந்த அதே போர்ஜா 1492 ஆகஸ்டில் ஆறாம் அலெக்சாந்தர் ஆனார். வெள்ளி ஏற்றிய நான்கு கோவேறு கழுதைகள் இரவோடிரவாக ஒரு கர்தினாலின் வீட்டுக்குப் போயின என்று ரோமாபுரி பேசிக்கொண்டது. கழுதைகளின் கதை எப்படியானாலும், அந்தத் தேர்தலின் பயன் நம் கடற்கரையைத் தொட்டது உண்மை. மறு ஆண்டே அவர் அட்லாண்டிக் மாகடலில் ஒரு கோடு கிழித்து ஸ்பெயினின் பங்கை வகுத்தார். 1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அந்தக் கோட்டை மேற்கே நகர்த்தி உடன்படிக்கை செய்துகொண்டன. கிழக்குத் திசை போர்ச்சுகலுக்கு என்றாகி, 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து நின்றார். 1503இல் பாப்பரசரான இரண்டாம் ஜூலியஸ், தம்முடைய தேர்தல் ஒரே நாளில் முடிந்ததற்கான காரணங்களை நன்கு அறிந்தவராதலால் போலும், காசு கொடுத்துப் பெற்ற பாப்பரசர் பதவி செல்லாது என்று சட்டம் இயற்றினார். ஏறியவர் ஏணியை எடுத்துவிட்டார் என்று சொல்லலாம்; ஆயினும் சட்டம் நல்ல சட்டம்.

1549 நவம்பர் 29ஆம் தேதி தொடங்கிய கான்கிளேவைப் பற்றி மட்டும் இன்னும் சற்றுச் சொல்லவேண்டும். மரத்தட்டிகளால் தடுத்த சிற்றறைகளைக் கர்தினால்மார்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த அளவுக்குக் குடவோலை ரோமாபுரியிலும் இருந்தது. சமையற்கலை நூல் எழுதிப் புகழ் பெற்ற பர்த்தொலொமேயோ ஸ்காப்பி, அந்த நாட்களில் உணவு உள்ளே போன விதத்தை விரித்துரைத்திருக்கிறார்: சுவரில் பதித்த சுழல்பெட்டியின் வழியேதான் உணவு போகவேண்டும், ஒவ்வொரு பதார்த்தத்தையும் பரிசோதகர்கள் கிளறிப் பார்ப்பார்கள், உள்ளே கடிதம் ஒளித்துவைக்க இடமளிக்கும் முழுக்கோழியும் மூடிய பணியாரமும் ஆகா, திராட்சரசமும் தண்ணீரும் ஊடுருவிப் பார்க்கத்தக்க கண்ணாடிக் கலங்களில் வரவேண்டும். இவ்வளவு காவலும் என்ன செய்தது? ஒவ்வொரு சுற்றின் வாக்குக் கணக்கும் வெளியே போயிற்று. கடைவீதி வட்டிக்கடைகளில் இன்னார் பாப்பரசர் ஆவார் என்று பந்தயம் கட்டினார்கள். அங்கேதான் நண்டு வளை! கண்ணாடிக் கூஜாவைக் கண்டுபிடித்தவர்கள் மனித வாயை மறந்துபோனார்கள். பந்தயத்தை நிறுத்த 1591இல் பதினான்காம் கிரகோரி திருச்சபைத் தண்டனையே விதிக்க நேர்ந்தது.

பந்தயக்காரர்கள் பெரிதும் நம்பியவர் ரெஜினால்ட் போல் என்ற ஆங்கிலேயர். வாக்கெடுப்பே வேண்டாம், எல்லாரும் வந்து உம் எதிரே மண்டியிட்டு வணங்கிவிடுகிறோம், அதுவே தேர்தல் என்று அவர் கட்சியார் இரவில் வந்து அழைத்தபோது, இருட்டில் வேண்டாம், முறைப்படி பகலில் நடக்கட்டும் என்றார் அவர். பகல் வந்தது, ஒன்றிரண்டு வாக்கு குறைந்தது, பிறகு அது நிறையவே இல்லை. 1550 பிப்ரவரியில் வேறொருவர் மூன்றாம் ஜூலியஸ் ஆனார். அந்த மண்டியிடும் முறைதான் நான் முன்னே எழுப்பிய வினாவின் மையம். ஒரு கட்சித் தலைவர் தம் ஆட்களோடு திரண்டு போய் ஒருவர் முன் மண்டியிட்டால், ஒதுங்கி நிற்பவன் யார் என்பது வருங்காலப் பாப்பரசரின் கண்ணெதிரே தெரிந்துவிடும். தெரிந்தபின் யார் ஒதுங்கி நிற்பார்கள்?

இதற்கு விடை கண்டவர் பொலோஞ்ஞா நகரத்து அலெஸ்ஸாந்த்ரோ லுதோவிஸி. 1621 பிப்ரவரியில், அந்தப் பழைய முறையின்படியே ஏகமனதாக வணங்கப்பட்டுப் பதினைந்தாம் கிரகோரி ஆனவர். அதே ஆண்டு நவம்பரில் அவர் வெளியிட்ட சட்டம், இனிமேல் சீட்டில் எழுதியே வாக்களிக்கவேண்டும், வாக்களிப்பவன் பெயர் இருக்கும் பகுதி மடித்து முத்திரையிடப்படவேண்டும், தனக்குத்தானே எவனும் வாக்களிக்கலாகாது என்று விதித்தது. விரலகலக் காகிதத்தில் இட்ட அந்த மடிப்பு, விதெர்போ ஊராரின் பூட்டும் பத்தாம் கிரகோரியின் பட்டினியும் ஸ்காப்பியின் கண்ணாடிக் கலமும் செய்யாததைச் செய்தது என்பது என் அபிப்பிராயம். அரசர்களின் தலையீடு அதன்பின்னும் இருந்தது. 1903இல்கூட ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் பெயரால் ஒரு கர்தினாலுக்குத் தடை சொல்லப்பட்டது. ஆனால் கொலோன்னாவைக் கையைப் பிடித்து இழுக்கவேண்டிய தேவை பிறகு யாருக்கும் ஏற்படவில்லை.

இரண்டரை ஆண்டுக்கும் குறைவாக ஆண்ட அந்தப் பதினைந்தாம் கிரகோரியைத் தமிழர்களாகிய நாம் வேறு காரணங்களுக்காகவும் அறிந்திருக்கவேண்டும். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே உழைத்த பிரான்சிஸ் சவேரியாருக்கு 1622 மார்ச்சில் அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தவர் அவர். தூரதேசங்களில் மறைபரப்பும் காரியத்தை அரசர்களின் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு தனிச் சங்கத்தை அதே ஆண்டில் ரோமாபுரியில் ஸ்தாபித்தவரும் அவரே. 1606 முதல் மதுரையில் காவி உடுத்து, சைவ உணவு உண்டு, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டு வாழ்ந்த ராபர்ட் தெ நொபிலியின் முறைக்குக் கோவாவில் பலத்த எதிர்ப்பு எழுந்தபோது, பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்வதற்கு, சில நிபந்தனைகளோடு, 1623 ஜனவரி 31இல் அனுமதி வழங்கியவரும் அவர்தாம். ரோமாபுரியில் யாருடைய சீட்டு எப்படி மடிக்கப்படவேண்டும் என்று யோசித்த அதே மனம், மதுரையில் யாருடைய குடுமி எப்படி இருக்கலாம் என்றும் யோசிக்க நேர்ந்தது.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன்; பழைய தென்னார்க்காட்டைத்தான் சொல்கிறேன். அந்த மாவட்டத்துக் கல்லேரி என்ற சிற்றூரில் 1924 பிப்ரவரி 5ஆம் தேதி பிறந்து, 1951இல் புதுச்சேரி மறைமாவட்டத்துக்குக் குருவாகி, பெங்களூரில் பேராயராக இருந்து, பின்னர் ரோமாபுரிக்கு அழைக்கப்பட்டவர் துரைசாமி சைமன் லூர்துசாமி. பதினைந்தாம் கிரகோரி நிறுவிய அந்த மறைபரப்புச் சங்கத்தின் செயலாளராக 1973 முதல் 1985 வரை வீற்றிருந்தவர் இந்தக் கல்லேரிக்காரர். 1985 மே மாதத்தில் கர்தினால் ஆனார். அன்று முதல், பாப்பரசர் ஆசனம் காலியாகும்போது அந்தப் பூட்டிய அறைக்குள் புகும் உரிமை அவருக்கு உண்டாயிற்று. 1993 முதல் 1996 வரை தியாக்கோன் வரிசைக் கர்தினால்மார்களுள் மூத்தவர் அவரே. அந்த ஸ்தானத்தில் இருப்பவர்தான் புதிய பாப்பரசரின் பெயரை இராயப்பர் பேராலயத்து மாடத்தில் நின்று உலகத்துக்கு அறிவிப்பவர். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் தேர்தல் நேர்ந்திருந்தால், அங்கே நம் தென்னார்க்காட்டுக் குரல் ஒலித்திருக்கும். நேரவில்லை. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் நீண்ட காலம் ஆண்டார். எண்பது வயது நிறைந்தவர்கள் வாக்களிக்கலாகாது என்பது 1970இல் வந்த விதி. லூர்துசாமிக்கு எண்பது நிறைந்தது 2004 பிப்ரவரியில். ஆசனம் காலியானது 2005 ஏப்ரலில். பத்தொன்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைய வாக்குரிமை படைத்திருந்து, 2014இல் ரோமாபுரியில் காலமான அவர் கைக்கு அந்த மடித்த சீட்டு ஒருநாளும் வரவில்லை.